நிழல் வலது பக்கம்

படம் போடக் கற்றுக்கொள்ள எனக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். எச்.பி. பென்சில் இரண்டு, ரப்பர் ஒன்று, பலகை ஒன்று, காகிதத்தைப் பலகையில் குத்திவைக்கப் பித்தளை ஆணி நான்கு. ஆக எட்டு உருப்படி. கண் என்று ஒன்பதாவதாக ஒன்று வேண்டும் என்பது அந்தச் சீட்டை எழுதியவருக்கும் தெரியவில்லை, அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எனக்குப் பரீட்சை வைத்தவர்களுக்கும் தெரியவில்லை.

அப்போது சித்தூர் மதராஸ் ராஜதானியில் இருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் கணக்கு வாத்தியார். வயது இருபத்தொன்பது. ஏழு வருஷம் ஒழுங்காகக் கணக்குச் சொல்லிக்கொடுத்த பிறகு, நாலாம் வகுப்பிலிருந்து மேலே உள்ள வாத்தியார்கள் எல்லோரும் சர்க்கார் டிராயிங் பரீட்சையில் லோயர் கிரேடு தேறியிருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கத் தெரிந்தவனுக்குப் பூச்சாடி வரையத் தெரியாவிட்டால் என்ன மோசம் என்று யாரும் விளக்கவில்லை. மேனேஜர் துரை என்னைக் கூப்பிட்டு, இரண்டு தடவை எழுதலாம், இரண்டிலும் தேறாவிட்டால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று வருத்தத்தோடு சொன்னார். அவர் எதையும் வருத்தத்தோடுதான் சொல்வார்.

வேலை போனால் வீடும் போகும். பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டிலேயே எங்களுக்கு இரண்டு அறை கொடுத்திருந்தார்கள். அதில் நான், மனைவி, இரண்டு பெண்கள், நைனா என்று நாங்கள் கூப்பிடும் என் அப்பா, ஐந்து பேர். நைனா அதே மிஷன் சபையின் வேதக்கோயிலில் நாற்பது வருஷம் மணி அடித்தவர். காம்பவுண்டை விட்டு வெளியே போய்க் குடியிருப்பது என்றால் அவருக்குச் சாவு மாதிரி. ஆகவே ஐந்து பேரின் கூரை ஒரு பூச்சாடியின் மேல் நின்றது.

எங்களுக்கு டிராயிங் சொல்லிக்கொடுக்க வந்தவன் வேறு யாருமில்லை, என் மனைவியின் தம்பி. இருபத்திரண்டு வயது. மதராஸில் மூன்று வருஷம் ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு, தலையை நடுவில் வகிடெடுத்துக்கொண்டு திரும்பியிருந்தான். சனிக்கிழமை சாயங்காலம் வாத்தியார்களுக்கு வகுப்பு. நாங்கள் ஆறு பேர், ஆறு பேருமே அவனைவிட மூத்தவர்கள். வகுப்பில் என்னை "சார்" என்பான், "நீங்க" என்பான். வாசற்படி தாண்டியதும் "மாமா", "நீ". இரண்டில் எது அதிகம் எரிச்சல் தந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தீர்மானமில்லை.

முதல் எட்டு சனிக்கிழமையும் வெறும் கோடு. நிமிர்ந்த கோடு, படுத்த கோடு, சாய்ந்த கோடு. அடிக்கோல் தொடக்கூடாது. ஒரு பக்கத்துக்கு இருபத்திநாலு கோடு. போட்டு முடித்ததும் அவன் நீலப் பென்சிலோடு வருவான்.

"சார், இந்தக் கோடு நடுங்குது."

"கையி நடுங்குது. கோடு இன்னா பண்ணும்?"

"கையி ஏன் சார் நடுங்குது?"

"காலைல இருந்து நாப்பது புள்ளைங்களோட கத்திக்கினு கீறேன். மத்தியானம் துன்னல."

"அப்ப துன்னுட்டு வாங்க சார். பசியில போட்ட கோட்டுக்கு சர்க்கார்ல மார்க்கு கிடையாது."

மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். அதில் ஒருவர் போட்ட கோடு ஆரணி ஆறு மாதிரி வளைந்து போயிருந்தது, அவரும் சிரித்தார்.

கோடு முடிந்து வளைவு, வளைவு முடிந்து முட்டை வட்டம். ஜாடியின் வாய் முட்டை வட்டமாகத் தெரியுமாம், ஆகவே ஜாடி இல்லாமலே வாயை மட்டும் நாலு வாரம் போட்டோம். பிறகு அச்சடித்த காப்பிகள் வந்தன. சீமையில் அச்சடித்து, அட்டையில் ஒட்டி, மூலை மழுங்கிப் போனவை. அவற்றைப் பார்த்து அச்சாக வரைய வேண்டும். மூன்றாவது காப்பியில் ஒரு இலை இருந்தது. ஓரமெல்லாம் சுருண்டு, கிழிந்து, மடிந்து, யாரோ மென்று துப்பியது போல. கிரேக்க தேசத்துக் கோயில் தூண்களில் இந்த இலையைச் செதுக்குவார்களாம். நாங்கள் உட்கார்ந்திருந்த அறைக்கு வெளியே மாமரம் பதினொன்று நின்றது. சித்தூரில் கல்லை விட்டெறிந்தால் மாமரத்தில்தான் விழும். மாவிலையைக் கொண்டுவா என்று ஒருவரும் சொல்லவில்லை. பார்த்தே இராத இலையை ஒரு மாதம் வரைந்தோம். அந்த இலையை எங்கள் ஜில்லாவில் ஒரு ஆடும் தின்றிருக்காது.

என் தாள்களை எல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். நீலப் பென்சிலில் அவன் எழுதிய குறிப்புகளை ஒரு நாள் உட்கார்ந்து எண்ணினேன். இருநூற்றுப் பதினாலு. நடுக்கம் என்று எண்பத்தேழு. தடிப்பு என்று அறுபத்தொன்று. நடுக்கோடு விலகல் நாற்பது. அழுக்கு இருபத்தாறு. இந்த இருநூற்றுப் பதினாலில் 'பார்' என்று ஒன்றுகூட இல்லை. திருத்தியவனும் தாளைத்தான் பார்த்தான், வரைந்தவனும் தாளைத்தான் பார்த்தான்.

கடைசியாக நிழல். ஆசாரியிடம் சொல்லி மரத்தில் ஒரு கட்டையும் ஒரு உருண்டையும் கடைந்து, வெள்ளையடித்து, முக்காலியில் வைத்தான். கட்டை என்றால் ஆறு பக்கமும் சமமான சதுரக் கட்டை. அந்த அறையில் ஜன்னல் இடது கைப் பக்கம். ஆகவே நிழல் வலது பக்கம். காப்பிகளிலும் அப்படியே, வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து வரும், நிழல் வலது கீழே விழும். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதுகூட அவன் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

"மாமா, வேற எது மறந்தாலும் இத மறக்காத. உருண்டைய போட்டதும் கண்ண மூடிக்கினு வலது பக்கம் தேச்சுடு."

"கண்ண மூடிக்கினா?"

"சும்மா ஒரு பேச்சுக்கு."

என் மனைவி குழம்பை ஊற்றிக்கொண்டே, "அவரு கண்ணத் தொறந்து போட்டதே நீ மாடு மேஞ்சாப்பல கீதுன்ன. மூடிக்கினாவது போடட்டும்" என்றாள். நைனா இருமிக்கொண்டே சிரித்தார். அந்த வீட்டில் எனக்கு ஆதரவாகப் பேச யாரும் இல்லை.

பரீட்சை திருப்பதியில் நடந்தது. விடியற்காலை ரயில் ஏறினால் பாகாலாவில் வெகுநேரம் நிற்கும். தர்மாவரம் பக்கம் போகிறவர்கள் அங்கே இறங்கி வேறு வண்டிக்குக் காத்திருப்பார்கள். அன்றைக்கும் மலைக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள் பிளாட்பாரம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் மொட்டை. ஆண், பெண், கைக்குழந்தை, ஆக மொத்தம் முப்பத்தேழு மொட்டை. தலையெல்லாம் சந்தனம் பூசியிருந்தார்கள். சந்தனம் காய்ந்தால் மினுமினுப்பு இருக்காது. ஆசாரி கடைந்த உருண்டை அவற்றின் முன் ஒன்றுமில்லை.

என் ஜன்னலிலிருந்து பார்த்தால் வெயில் எனக்கு வலது பக்கமிருந்து அடித்தது. முப்பத்தேழு தலையிலும் நிழல் எனக்கு இடது பக்கம் விழுந்திருந்தது. அதுவும் ஓரத்தில் அப்பியது போல இல்லை. வெளிச்சம் மெதுவாக மங்கி, மங்கி, கறுத்து, கழுத்துக்குப் போகும் இடத்தில் மறுபடி கொஞ்சம் வெளுத்திருந்தது. கீழே பிளாட்பாரத்தில் பட்ட வெயில் மேலே திருப்பி அடித்தது அது. ஐந்து மாதமாக எனக்கு ஒருவரும் சொல்லாத சங்கதி. தண்ணீர் பிடிக்க இறங்கி அவர்களைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். திரும்பிப் பார்த்தால் அதே தலைகள், நிழல் இப்போது வலது பக்கம். வெயில் நகரவில்லை, நான் நகர்ந்திருந்தேன். ஒரு கிழவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, "ஏமி சாமி, தலைய அப்படி பாக்கற? பேன் ஏதாச்சும் மிச்சம் கீதா?" என்று கேட்டார். நான் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

திருப்பதி ஹைஸ்கூலில் நீள ஹால். முன்னால் மேடை. மேடைக்குக் கீழே மேஜை, அதன் மேல் வெள்ளைக் கட்டை ஒன்றும் வெள்ளை உருண்டை ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில். நாங்கள் முப்பத்திரண்டு பேர் மேஜையைப் பார்த்து வளைவாக உட்கார்ந்தோம். இரண்டு பக்கமும் ஜன்னல் உண்டு. ஆனால் இடது பக்க ஜன்னல்களை எல்லாம் சாத்தி, கொக்கி போட்டு, கயிற்றாலும் கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் புளியமரம், புளியமரத்தில் குரங்கு. முன்பு ஒரு பரீட்சையில் குரங்கு உள்ளே வந்து ஒருவருடைய புளிசாதத்தையும் விடைத்தாளையும் கொண்டுபோய்விட்டதாம். ஆகவே வெளிச்சம் முழுக்க வலது பக்கத்திலிருந்து வந்தது. உருண்டையின் நிழல், யார் பார்த்தாலும் தெரியும், இடது பக்கம்.

நான் இடது பக்கம் தேய்க்க ஆரம்பித்தேன். பக்கத்தில் புத்தூரிலிருந்து வந்த ஒரு வாத்தியார் எட்டிப் பார்த்துவிட்டு, மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் திரும்பியதும் கிசுகிசுத்தார்.

"அய்யா, நிழல் மாறிப் போச்சு."

"மாறல. உருண்டையப் பாருங்க."

"அதப் பாத்தா போடறது? மனப்பாடமா இல்ல போடணும்!"

பரிதாபத்தோடு தலையை ஆட்டிவிட்டு, அவர் தன் உருண்டையின் வலது பக்கத்தைக் கருக்கிக்கொண்டு போனார். அவர் தேறினார். நான் தேறவில்லை.

தாள்கள் மதராஸுக்குப் போய், அங்கே யாரோ திருத்துகிறார்கள். அந்த ஆபீஸில் என் மச்சானோடு படித்தவன் ஒருவன் இருந்தான். அவன் பார்த்துச் சொன்னானாம், என் உருண்டையின் குறுக்கே கோடு போட்டு 'நிழல் தவறான பக்கம்' என்று எழுதியிருந்ததாக. மச்சான் சனிக்கிழமைகூட ஆகாமல் வெள்ளிக்கிழமையே ஓடி வந்துவிட்டான்.

"மாமா, உனுக்கு நான் படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லியா?"

"ஜன்னல் வலது பக்கம் இருந்துதுடா."

"இருக்கட்டும். மதராஸ்ல உக்காந்துக்கினு திருத்தறவனுக்கு திருப்பதில ஜன்னல் எங்க கீதுன்னு தெரியுமா?"

"அப்ப எதப் பாத்து திருத்தறான்?"

"நிழல் வலது பக்கம் கீதான்னு பாத்து திருத்தறான்!"

"அப்ப அந்த உருண்டைய எதுக்கு வெச்சான்? எடுத்து உள்ள வெக்க சொல்லு. குரங்காவது வெளையாடும்."

என் மனைவி அன்று கேலி பேசவில்லை. "அடுத்த தடவ அவன் சொன்னாப்பலயே தேச்சுட்டு வந்துடுங்க. எந்தப் பக்கமா இருந்தா இன்னா? நாம இந்தப் பக்கம் இருக்கணும்" என்று காம்பவுண்டுச் சுவரைக் காட்டினாள். மேனேஜர் துரை இன்னும் அதிக வருத்தத்தோடு, இன்னும் ஒரு தடவைதான் என்றார். நைனாவிடம் யாரும் சொல்லவில்லை, ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது. சாயங்காலங்களில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மெதுவாக நடந்து, ஒவ்வொரு கதவையும் தொட்டுவிட்டு வர ஆரம்பித்தார்.

மனைவி சொன்னபடி செய்திருக்கலாம். அதை நான் ஏன் செய்யவில்லை என்று கேட்டால், கொள்கை, நேர்மை என்றெல்லாம் சொல்லமாட்டேன். அதெல்லாம் பிரசங்கம் செய்கிறவர்களுக்கு. விடை தப்பான கணக்கை என்னால் சரி என்று போட முடியாது, கை போகாது. அவ்வளவுதான். ஒரு வருஷம் இதையே யோசித்துக் குமைந்தேன். கடைசியில் பாகாலா பிளாட்பாரம் ஞாபகம் வந்தது. வெயிலை நகர்த்த முடியாது, நான் நகரலாம்.

இரண்டாம் தடவை திருப்பதிக்குப் போனபோது அதே ஹால், அதே மேஜை, அதே கட்டை, உருண்டை. இடது பக்க ஜன்னல்கள் அதே கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. இந்தத் தடவையும் முப்பத்திரண்டு பேர். நான் உட்காராமல் மேற்பார்வையாளரிடம் போனேன். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற தொந்திக்காரர்.

"மேடை மேல உக்காந்து போடறேன், உத்தரவு குடுக்கணும்."

"ஏமய்யா பந்துலு, எல்லாரும் கீழ, நீ மட்டும் மேடை மேலயா? உனக்கென்ன பெள்ளியா, கல்யாணமா நடக்குது?"

"வெளிச்சம் எனக்கு இடது கைப் பக்கம் வேணும். அந்தப் பக்கம் உக்காந்தா வரும்."

"ரூல்லே கீதா?"

"கூடாதுன்னு ரூல்ல இல்ல. படிச்சிட்டு வந்தேன். பத்தொம்பது ரூல்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போ, போய் கலெக்டர் மாதிரி கூர்ச்சோ" என்றார்.

மேடையின் விளிம்பில் உட்கார்ந்தேன். வெளிச்சம் இடமிருந்து வந்தது. நிழல் வலது பக்கம் விழுந்தது. பொய்யில்லாமல், மதராஸுக்குப் பிடித்த பக்கத்தில். கட்டையையும் உருண்டையையும் போட்டு, சந்தனத் தலைகளை நினைத்துக்கொண்டு, மங்கி மங்கிக் கறுக்கும்படி தேய்த்தேன். அடியில் மேஜையிலிருந்து திருப்பி அடிக்கும் வெளிச்சத்தையும் விட்டுவைத்தேன். இரண்டரை மணி நேரப் பரீட்சையில் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன்.

மிச்ச நேரம் என் எதிரே முப்பத்தொரு முகம். எண்ணுவதற்கு வேறு ஒன்றும் இல்லாததால், யார் யார் தலையைத் தூக்கி மேஜையைப் பார்க்கிறார்கள் என்று எண்ணினேன். அரை மணி நேரத்தில் ஒன்பது பேர் ஒரு தடவை பார்த்தார்கள். நாலு பேர் இரண்டு தடவை. ஒருவர் பதினேழு தடவை நிமிர்ந்தார், ஆனால் அவர் பார்த்தது கடிகாரத்தை. மிச்சப் பதினேழு பேர் நிமிரவே இல்லை. அந்தக் கட்டையையும் உருண்டையையும் எடுத்துக்கொண்டு போயிருந்தால் அவர்களுக்கு மணி அடித்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

இதில் எனக்குக் கொஞ்சம் குஷி பிறந்தது. அந்தக் குஷியோடு முன்வரிசையில் ஒருவருடைய தாளைப் பார்த்தேன். தலைகீழாகத்தான் தெரிந்தது, ஆனால் தெளிவாகத் தெரிந்தது. அவருக்குக் கட்டை இடது பக்கம், உருண்டை வலது பக்கம். என் தாளில் உருண்டை இடது பக்கம், கட்டை வலது பக்கம்.

எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தால் வெளிச்சம் மட்டுமா மாறும்? ஒரு வருஷம் யோசித்தவனுக்கு இது தோன்றவில்லை. மதராஸில் ஒருவன் முப்பத்தொரு தாளைப் புரட்டிவிட்டு என் தாளுக்கு வருவான். எல்லோருக்கும் கட்டை இடப்பக்கம் இருக்க எனக்கு மட்டும் வலப்பக்கம் இருப்பதைப் பார்ப்பான். பொருள்களைப் பார்க்காமல் போட்டிருக்கிறான் என்று எழுதுவான். மணியைப் பார்த்தேன். இருபத்தைந்து நிமிஷம் இருந்தது. அதில் இன்னொரு தாள் போட முடியாது. நைனா கதவு கதவாகத் தொட்டுக்கொண்டு போவதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

மேற்பார்வையாளரைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். "நான் எதிர்ப்பக்கம் உக்காந்தேன்னு என் தாள்ல ஒரு வரி எழுதிடுங்க."

அவர் தாளைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், புரிந்துகொண்டார். அந்த ஹாலில் மேஜையைச் சரியாகப் பார்த்த இரண்டாவது ஆள் அவர்தான். புரிந்துகொண்டவர் சொன்னார்: "நான் எழுதினா, எந்துக்கு உக்கார விட்டேன்னு என்னைக் கேப்பான். உன் வேலைக்காக என் வேலையப் போக்கிக்கிறதா? அது வொத்து, வேணாம் பந்துலு."

தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில், "வலது பக்கம் தேச்சீங்களா?" என்று மனைவி கேட்டாள். "வலது பக்கந்தான்" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. முடிவுக்கு இரண்டு மாதம் காத்திருந்தேன். பெரிய பெண் தன் சிலேட்டில் வீடு வரைந்து என்னிடம் காட்டினாள். அதில் எத்தனை கதவு என்று எண்ணிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

முடிவு வந்தது. தேறியிருந்தேன். முதல் வகுப்பு. மச்சான் வாசலில் சைக்கிளைச் சாய்க்கும்போதே கத்தினான்.

"பாத்தியா மாமா? நான் சொன்னேன் இல்ல? வலது பக்கம் தேச்சே, பாசாயிட்டே!"

அவனை உட்கார வைத்து, சமையலறையிலிருந்து ஒரு தேங்காயையும் அரிசி அளக்கும் மரப்படியையும் கொண்டுவந்து பாயில் வைத்தேன். அவனை இந்தப் பக்கமிருந்து ஒரு தடவையும் அந்தப் பக்கமிருந்து ஒரு தடவையும் பார்க்கச் சொன்னேன். நான் எங்கே உட்கார்ந்தேன், என் தாளில் எது எந்தப் பக்கம் இருந்தது என்று சொன்னேன். அவனுக்குப் புரிய நேரமாயிற்று.

"அப்ப எல்லாருக்கும் கட்டை அந்தப் பக்கம், உனுக்கு மட்டும் இந்தப் பக்கம்."

"ஆமா."

"அவன் பாக்கலியா?"

"நிழல் வலது பக்கம் கீதான்னு பாத்தான். இருந்துது. முதல் வகுப்பு."

மச்சான் தேங்காயையே பார்த்துக்கொண்டிருந்தான். "நானும் பாத்திருக்க மாட்டேன் மாமா" என்றான். அவனைப் பற்றி நான் நல்லதாகச் சொல்லக்கூடியது அந்த ஒரு வரிதான். அடுத்த நிமிஷமே நடு வகிட்டைச் சரிசெய்துகொண்டு, "எப்படியோ என்கிட்ட படிச்சவங்கள்ல முதல் வகுப்பு நீ ஒருத்தன்தான். துரைகிட்ட சொல்றேன்" என்று கிளம்பிவிட்டான்.

வீடு நின்றது. நைனா அதே அறையில், அதே கோயில் மணிச் சத்தத்தில், இன்னும் ஆறு வருஷம் இருந்தார். முதல் வகுப்பு வாங்கிய குற்றத்துக்காகக் கணக்கோடு டிராயிங்கையும் என் தலையில் கட்டினார்கள். ஓய்வு பெறும் வரையில் இருபத்தாறு வருஷம் சொல்லிக்கொடுத்தேன். கிரேக்கத்து இலையை அலமாரியில் பூட்டிவிட்டு, மாவிலையையும் கொட்டாங்கச்சியையும் வைத்தேன். பிள்ளைகளின் தாளில் நடுக்கம், தடிப்பு என்று நான் எழுதியதில்லை. ஒரே ஒரு குறிப்புதான் எழுதினேன்: 'பார்'.

எழுதிக் கொடுத்த தாளைப் பிள்ளைகள் வாங்கிக்கொள்வார்கள். ஒருவரும் தலையைத் திருப்பிக் கொட்டாங்கச்சியைப் பார்க்கமாட்டார்கள். பக்கத்திலிருப்பவன் தாளைப் பார்ப்பார்கள். அதிலும் 'பார்' என்றுதான் இருக்கும். பிறகு யாராவது ஒருவன் எழுந்து, எல்லோருக்குமாகக் கேட்பான்:

"சார், இது பாஸா, பெயிலா?"